என் இனிஷியலில் ஒரு ‘எம்’

முதலாம் ஆண்டு, முதல் நாள் வகுப்பு. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக அழைத்துக்கொண்டே வந்தார். என் பெயர் வந்ததும் நிறுத்தினார். வகுப்பில் எல்லோருக்கும் ஓர் இனிஷியல்தான். எனக்கு மட்டும் இரண்டு. எம்.வி.!

"வி அப்பா பேரு. எம் என்னப்பா? ஊரா?"

"இல்ல சார்... குடும்பப் பேரு."

"என்ன குடும்பப் பேரு?"

"மோரே, சார்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "மோரா, தயிரா மாப்ள?"

அவ்வளவுதான். அன்று முதல் நம் பாலிடெக்னிக்கில் நான் ‘மோரு’ ஆகிவிட்டேன். கேண்டீனில், "மோருக்கு ஒரு டீ" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். பட்டப்பெயர் இல்லாத மாணவன் ஒரு மாணவனா!

ஆனால் இரண்டாம் ஆண்டில் ஒரு நாள் அந்தச் சிரிப்பு எனக்கு வரவில்லை. காவிரியில் தண்ணீர் விடக் கேட்டு ஊர்வலம் போக எல்லோரும் வாசலில் கூடியிருந்தோம். பதாகையின் ஒரு முனையைப் பிடிக்க நான் கை நீட்டினேன். நல்ல நண்பன் ஒருவன் விளையாட்டாகத்தான் சொன்னான்: "உனக்கென்னடா காவிரி? நீ மராட்டிக்காரன்தான? நீ போயி கோதாவரிக்குப் போராடு!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். எங்களுக்கு ஒரத்தநாடு பக்கம் ஆறு மா நிலம். புது ஆற்றில் தண்ணீர் வரவில்லை என்றால் எங்கள் வீட்டிலும் அந்த வருஷம் அடுப்பு தயங்கித்தான் எரியும். எங்கள் தாத்தா இந்த மண்ணில்தான் சாம்பலானார். ‘அப்புறம் நான் யார்? இந்த எம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது?’ என்ற கேள்வி அன்றுதான் எனக்குள் விழுந்தது.

* * *

அடுத்த அடி அண்ணனிடமிருந்து வந்தது. அண்ணன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்க்கிறான். பாஸ்போர்ட் எடுக்கும்போது ‘சர்நேம்’ என்று ஒரு கட்டம். நம் ஊரில் யாருக்கு ஐயா சர்நேம் இருக்கிறது? எல்லோரையும் போல அவனும் அப்பா பெயரை எழுதிவிட்டான். விளைவு? இன்று வரை சிங்கப்பூரில் அவனை அப்பா பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "ஃபோர்மேன் திட்டும்போதெல்லாம் அப்பாவத் திட்ற மாதிரியே இருக்குடா" என்று போனில் சிரிப்பான். நண்பர்களே, நாளைக்குச் சிங்கப்பூர், துபாய் என்று கிளம்பப் போகும் உங்களுக்கும் இந்தக் கட்டம் காத்துக்கொண்டிருக்கிறது!

அண்ணன் வேலை செய்யும் இடத்தில் ஓர் அயர்லாந்துக்காரர். அவர் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டிருக்குமாம். ‘ஓ’ என்ற எழுத்து. அதைப் பற்றி அண்ணன் கேட்டதற்கு அவர் அரை மணி நேரம் பேசினாராம். அயர்லாந்து மொழியில் ‘ஓ’ என்றால் பேரன், வழிவந்தவன் என்று பொருள். ‘மேக்’ என்றால் மகன். ஓ’பிரையன் என்பவர்கள் பிரையன் போரு என்ற மன்னனின் வழி வந்தவர்கள் என்று அர்த்தம். அந்த மன்னன் குளோன்டார்ஃப் என்ற இடத்தில் நடந்த போரில் இறந்தது 1014ஆம் ஆண்டில். நம் ராஜராஜ சோழன் மறைந்ததும் அதே 1014தான்! வெள்ளைக்காரன் ஆட்சியில் அயர்லாந்துக்காரர்கள் பலர் இந்த ‘ஓ’வையும் ‘மேக்’கையும் வெட்டிவிட்டு ஆங்கிலப் பெயர் போல மாற்றிக்கொண்டார்களாம். 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்கு அழுகி வந்த பெரும் பஞ்சத்தில் பத்து லட்சம் பேர் மடிந்து, அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். பல குடும்பங்களுக்கு ஊர் போயிற்று, மொழி போயிற்று. மிஞ்சியது பெயர். பின்னாளில் மொழிப் பற்றும் நாட்டுப் பற்றும் கிளர்ந்தபோது, வெட்டிய ‘ஓ’வைப் பலர் திரும்ப எடுத்து ஒட்டிக்கொண்டார்கள்.

கதையைச் சொல்லி முடித்துவிட்டு அந்த மனிதர் அண்ணனைக் கேட்டாராம்: "உன் பெயருக்கு என்ன கதை?"

"எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியலடா. ஆஜிகிட்ட கேட்டு வை" என்றான் அண்ணன்.

* * *

ஆஜி என்றால் எங்கள் வீட்டில் பாட்டி. நாங்கள் வீட்டில் பேசுவது மராத்தி என்றுதான் பெயர். ஆனால் புனேயிலிருந்து ஒருவர் வந்தால் எங்கள் பேச்சைக் கேட்டுத் திகைத்துப் போவார். பாதிக்குப் பாதி தமிழ் கலந்திருக்கும். தண்ணீர் கேட்க "பாணி தே" என்போம். அந்தத் தண்ணீர் வரும் இடத்தை "வாய்க்கால்" என்போம். உழவு, நடவு, களத்துமேடு, குறுவை, தாளடி எல்லாம் தமிழ்தான். குதிரையில் வந்தவர்களுக்கு நெல்லைக் கற்றுக்கொடுத்தது இந்த ஊர் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேறு வேண்டுமா?

"மோரே’ன்னா என்ன ஆஜி?"

"மோர்’னா மயிலுடா. நம்ம பேரு மயிலு வம்சம். உன் காலேஜுல மோருங்கிறானுங்களா? சிரிச்சுட்டுப் போறானுங்க, விடு."

"எங்கேருந்து வந்தோம்?"

"ஏகோஜி ராஜாவோட குதிரைல வந்தோம்னு உங்க தாத்தாவோட தாத்தா சொல்லுவாராம். அரமனைக்குக் குதிர கட்டுன வம்சம். அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அதற்கு மேல் ஆஜியிடம் ஒன்றும் இல்லை. பரணில் இருந்த தகரப் பெட்டியில் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் மட்டும் கிடைத்தது. அதில் தாத்தாவின் அப்பா பெயருக்குப் பின்னால் ‘ராவ் மோரே’ என்று முழுசாக எழுதியிருந்தது. தாத்தா நெல் மண்டியில் கணக்கு எழுதியபோது ‘ராவ்’ மட்டும் நின்றது. அப்பா காலத்தில் அதுவும் போய், ‘எம்’ என்ற ஒரே எழுத்தாகிப் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. நூறு வருஷத்துக்குள் ஒரு பெயர் எப்படிச் சுருங்கிவிட்டது பாருங்கள்!

நூலகத்தில் புரட்டிப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. மோரே என்ற பெயர் மராட்டிய வரலாற்றில் சின்னப் பெயர் அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஜாவளி என்ற பகுதியை ஆண்டவர்கள் மோரேக்கள். சந்திரராவ் என்பது அவர்கள் பட்டம். தங்களை மௌரியர் வழி என்றுகூடச் சொல்லிக்கொண்டார்கள். 1656ல் சத்ரபதி சிவாஜி அவர்களை வென்று ஜாவளியைப் பிடித்துக்கொண்டார். ஆக, மோரே என்ற பெயர்க்காரர்கள் போன்ஸ்லே என்ற பெயர்க்காரர்களிடம் தோற்றவர்கள். அந்த ஜாவளி மோரேக்களுக்கும் எங்களுக்கும் உறவா என்பதற்கு எங்கள் தகரப் பெட்டியில் ஆதாரம் ஏதும் இல்லை. இருந்ததாகச் சொல்லிப் பெருமையடிக்கவும் எனக்கு விருப்பம் இல்லை. குதிரை கட்டியவன் பேரன் என்பதே எனக்குப் போதும்.

* * *

ஆனால் போன்ஸ்லே என்ற பெயருக்கு ஆதாரம் இருக்கிறது. அதுவும் நம் ஊரிலேயே, கல்லில்! பெரிய கோவிலுக்கு ஆயிரம் தடவை போயிருப்போம். நந்தியைப் பார்த்து, கோபுரத்தை அண்ணாந்து பார்த்து, புல்தரையில் உட்கார்ந்து சுண்டல் தின்றுவிட்டு வந்திருப்போம். தென்மேற்குப் பக்கம் திருச்சுற்றுச் சுவரில், நாகரி எழுத்தில், மராத்தி மொழியில் நெடுக நீளும் கல்வெட்டை எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்? 1803ல் இரண்டாம் சரபோஜி மன்னர் வெட்டி வைத்தது. ‘போன்ஸ்லே வம்ச சரித்திரம்’ என்று அதற்குப் பெயர். உலகின் மிக நீண்ட கல்வெட்டுகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு குடும்பம் தன் பெயர் எங்கிருந்து புறப்பட்டது, எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்பதை ஒரு சுவர் முழுக்க எழுதி வைத்திருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆஜியைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போனேன். ஆஜிக்கு அவர் அப்பா சின்ன வயசில் நாகரி எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவருக்குப் பக்கத்தில் போய், எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தார். நாலைந்து வரி போவதற்குள் கழுத்து வலித்துவிட்டது.

"நம்ம பேரு இருக்கா ஆஜி?"

"நான் படிச்ச வரைக்கும் இல்ல. ராஜா பேரு கல்லுல இருக்கும். குதிர புடிச்சவன் பேரு எங்க இருக்கும்?" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சுவர் சொல்லும் குடும்பத்தின் பயணத்தை, புத்தகங்களில் படித்ததையும் சேர்த்துச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லோராவுக்குப் பக்கத்தில் வேருள் என்ற கிராமம். அங்கே மாலோஜி போன்ஸ்லே என்ற ஊர்த்தலைவர். அவர் மகன் ஷாஜி பீஜப்பூர் சுல்தானிடம் தளபதியாகி, 1638ஐ ஒட்டிப் பெங்களூரை ஜாகீராகப் பெற்றார். ஷாஜியின் ஒரு மகன் சத்ரபதி சிவாஜி. இன்னொரு மனைவிக்குப் பிறந்த மகன் ஏகோஜி. 1673ல் தஞ்சை நாயக்க மன்னர் விஜயராகவர் மதுரைப் படையுடன் போரிட்டு மாண்டார். நாயக்கர் வாரிசுக்கு அரசை மீட்டுக்கொடுக்கச் சொல்லி பீஜப்பூர் சுல்தான் ஏகோஜியை அனுப்பினார். நம் அய்யம்பேட்டையில்தான் சண்டை. வென்ற ஏகோஜி 1676ல் தானே அரியணையில் உட்கார்ந்துவிட்டார். மறு வருஷம் அண்ணன் சிவாஜி படையோடு வந்து, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்து அப்பா சொத்தில் பங்கு கேட்டார். நம் ஊர் வரப்புத் தகராறு போலத்தான்! அரசர் வீடானாலும் பங்காளி பங்காளிதானே?

சரி, ‘போன்ஸ்லே’ என்றால் என்ன? இங்கேதான் வேடிக்கை. 1674ல் சிவாஜி முடிசூடியபோது, காசியிலிருந்து வந்த காகபட்டர், போன்ஸ்லேக்கள் ராஜஸ்தானத்து மேவார் சிசோதியா ராஜபுத்திரர்கள் என்பதை ஏற்று முடிசூட்டினார். முடிசூட்டுக்கு க்ஷத்திரிய வம்சம் வேண்டியிருந்தது. ஏதோ ஓர் ஊரின் பெயரால் வந்த பெயர் என்பாரும் உண்டு. மராத்தி ஆய்வாளர் ரா.சி. டேரே வேறொன்று சொன்னார்: ‘ஹொய்சள’ என்ற சொல்லே ‘போசலே’ ஆயிற்று, அவர்கள் கன்னட நாட்டிலிருந்து வடக்கே போனவர்கள். ஹொய்சளர்கள் 13ஆம் நூற்றாண்டில் சமயபுரத்துக்குப் பக்கத்தில் கண்ணனூரில் தலைநகர் வைத்திருந்தவர்கள். டேரே சொன்னது சரியென்றால், தெற்கிலிருந்து போன பெயர்தான் சுற்றிவிட்டுத் தெற்குக்கே திரும்பி வந்திருக்கிறது!

இதைவிட எனக்குப் பிடித்தது ‘சரபோஜி’ என்ற பெயரின் கதை. மாலோஜிக்கு வெகு நாள் பிள்ளை இல்லை. அகமதுநகரில் ஷா ஷெரீஃப் என்ற முஸ்லிம் பெரியவரின் தர்காவில் வேண்டிக்கொண்டார்களாம். பிறந்த இரண்டு ஆண் பிள்ளைகளுக்கும் அந்தப் பெரியவர் பெயரையே இரண்டாகப் பிரித்து வைத்தார்கள். ஷாஜி, ஷெரீஃப்ஜி! நாகூருக்கு நேர்ந்துகொண்டு பிள்ளைக்குப் பெயர் வைக்கும் நம் தஞ்சை மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? அந்த ஷெரீஃப்ஜிதான் நம் ஊரில் சரபோஜி ஆயிற்று. ஏகோஜியின் மகன்கள் இருவர் அடுத்தடுத்து ஆண்டார்கள். ஷாஜி 1684 முதல் 1712 வரை. சரபோஜி 1712 முதல் 1728 வரை. அதே ஜோடிப் பெயர்! பிறகு பண்டிதர்கள் அதைச் சமஸ்கிருதமாக்கிச் ‘சரபேந்திரர்’ என்று எழுதினார்கள். சரபேந்திர வைத்திய முறை என்றால் சரபோஜி மன்னர் தொகுக்கச் செய்த மருத்துவம். மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் நெப்போலியன் தோற்றதைக் கொண்டாடி அவர் எழுப்பிய மனோரா இருக்கிறதே, அந்த ஊருக்குப் பெயர் சரபேந்திரராஜன்பட்டினம். ஒரு தர்காவில் புறப்பட்ட பெயர், சிவபெருமானின் சரப அவதாரம் வழியாக நடந்து, கடற்கரையில் மீனவர் வாழும் ஊராகி நிற்கிறது. நாம் காய்கறி வாங்கும் சரபோஜி மார்க்கெட்டிலும், நம் அண்ணன்மார் படித்த மன்னர் சரபோஜி கல்லூரியிலும் இருப்பது அந்தப் பெயர்தான்.

இதில் எது ‘வடக்கத்தி’? எது ‘நம்மூரு’? பிரித்துக் காட்ட முடியுமா?

வந்தவர்கள் தங்கள் பெயரை ஊர்களுக்கும் வைத்தார்கள். 1693ல் ஷாஜி மன்னர் புலவர்களைக் குடியேற்றிய திருவிசநல்லூருக்குச் சாஹஜிராஜபுரம் என்று ஒரு பெயர். எங்கள் ஒரத்தநாட்டுக்கு, சரபோஜி மன்னர் முத்தம்மாள் நினைவாகச் சத்திரம் கட்டியதால் முத்தாம்பாள்புரம் என்று ஒரு பெயர். ஆனால் பஸ் கண்டக்டர் இன்றும் கூவுவது பழைய பெயரைத்தான். ராஜா வைத்த பெயரையும் ஜனங்கள் வாயில் ஏறினால்தான் ஏற்பார்கள்! மாறாக, யாரும் உத்தரவு போடாமலே லாவணி இங்கே தங்கிவிட்டது. மாசி மாதம் காமன் பண்டிகையில், ‘எரிந்த கட்சி’, ‘எரியாத கட்சி’ என்று விடிய விடிய வாதாடிப் பாடும் நம் கிராமத்து லாவணி, மராட்டியர் கொண்டுவந்தது. இன்று அது சுத்தத் தமிழ்.

* * *

1855ல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். டல்ஹவுசி காலத்துக் கும்பினி அரசை எடுத்துக்கொண்டது. அரண்மனையை நம்பியிருந்த குடும்பங்கள் சிதறின. படித்தவர்கள் மற்ற சமஸ்தானங்களுக்குப் போனார்கள். 1828ல் கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ், திருவிதாங்கூர், இந்தூர், பரோடா மூன்றுக்கும் திவானாக இருந்தவர். அவருடைய முன்னெழுத்தான ‘டி’ எதைக் குறிக்கிறது தெரியுமா? தஞ்சாவூர்! ஆங்கிலத்தில் ‘டாஞ்சூர்’. மராத்தி பேசும் குடும்பத்தில் பிறந்தவர், மராட்டிய மன்னரின் பரோடாவுக்கே திவானாகப் போனபோதும், தன் பெயருக்கு முன்னால் தஞ்சாவூரைத்தான் சுமந்துகொண்டு போனார். பரோடா மன்னர் சாயாஜிராவ் 1880ல் தஞ்சாவூர்ப் பெண்ணை மணந்தபோது, நம் ஊர்ச் சதிர் ஆட்டக்காரர்களும் பெண்ணுடன் பரோடா போனார்கள். வந்த வழியே பாட்டும் ஆட்டமும் திரும்பிப் போயின.

குதிரை கட்டியவர்கள் எங்கும் போகவில்லை. கலப்பையைப் பிடித்துக்கொண்டார்கள்.

குடும்பப் பெயர் ஏன் சுருங்கியது என்று அப்பாவைக் கேட்டேன். அப்பா அதிகம் பேச மாட்டார். "பேருக்குப் பின்னால வால் எதுக்குடா? ஜாதியக் கேக்கிறதுக்கா?" என்றார். யோசித்துப் பார்த்தால் அதுவும் நியாயம்தான். 1929ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடக் கூடாது என்று தீர்மானம் போட்டார்கள். அன்று தொடங்கி நம் தமிழ்நாட்டில் வகுப்பறைப் பதிவேட்டில் எல்லோர் பெயரும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. அது சாதாரண விஷயமா? அந்த வாலைத் திரும்ப ஒட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்த எனக்கு ஆசை இல்லை.

ஆனால் ஜாதியை மறப்பது வேறு. வந்த வழியை மறப்பது வேறு அல்லவா?

இந்தக் கேள்வியோடு இருந்தபோதுதான் பெரிய கோவில் கல்வெட்டுகள் பற்றி இன்னொன்று படித்தேன். ராஜராஜன் கோவில் கட்டியதும் சோழ நாட்டின் பல தளிகளிலிருந்து நானூறு ஆடல் மகளிரை வரவழைத்துக் குடியேற்றினான். ‘தளிச்சேரிப் பெண்டுகள்’ என்று அவர்களுக்குப் பெயர். அந்த நானூறு பேரின் பெயரும், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தார்கள் என்பதும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் கல்லில் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய வீட்டு எண்! ராஜா பேருதான் கல்லில் இருக்கும் என்று ஆஜி சொன்னாரே, அதே கோவிலில், வந்து குடியேறிய சாதாரணப் பெண்களின் பெயரும் இருக்கிறது. அன்றைக்கும் தஞ்சாவூர் வந்தவர்களால் ஆன ஊர்தான்.

ஆஜியிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, ஊர்வலத்தில் நண்பன் சொன்னதையும் அப்போதுதான் ஆஜியிடம் சொன்னேன். ஆஜி கோபப்படவில்லை.

"காவேரி எங்கேருந்துடா வருது? குடகுலேர்ந்து. கன்னட தேசத்துத் தண்ணின்னு சொல்லி யாராச்சும் நாத்து விடாம இருக்கானா? வயல்ல பாஞ்சுட்டா அது நம்ம தண்ணி. போயிச் சொல்லு அவன்கிட்ட."

* * *

சொன்னேன். விடுதி அறையில், பரீட்சைக்கு முந்தைய இரவு. படிக்க உட்கார்ந்தால்தான் இப்படிப்பட்ட பேச்செல்லாம் வரும்! கேலி செய்த அதே நண்பன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்: "எங்க வீட்டுக்கு ஊர்ல ‘ரங்கூனார் வீடு’ன்னு பேரு மாப்ள. ஏன்னு நான் கேட்டதே இல்ல."

அடுத்த வாரம் ஊருக்குப் போய்க் கேட்டு வந்தான். அவன் கொள்ளுத் தாத்தா பர்மாவில் நெல் வியாபாரக் கடையில் வேலை பார்த்தவர். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது, மூட்டை முடிச்சோடு காட்டுவழியாக நடந்தே இந்தியா வந்து சேர்ந்தவர். கூட வந்த தம்பி வழியிலேயே போய்விட்டார். தம்பியின் பெயரைத்தான் இவன் அப்பாவுக்கு வைத்திருக்கிறார்கள். இவனுடைய இனிஷியலே அதுதான்! "மூணு வருஷமா அட்டெண்டன்ஸ்ல அவரு பேரத்தான்டா கூப்பிட்ருக்காங்க, எனக்கே தெரியல" என்று சொன்னபோது அவன் குரல் ஒரு மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு அறைக்கு அறை இதே பேச்சு. அய்யம்பேட்டை நண்பன் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், நெசவுக் குடும்பம், அவர்களுக்கும் வீட்டுப் பெயர் உண்டு. இன்னொருவனின் அம்மா வழி, 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ‘பினாங்கு வீடு’ ஒன்று, ‘மலாயாக்காரர் வீடு’ ஒன்று. இங்கேயே இருந்தவன் நான் என்று மார்தட்டிய ஒருவனும் தாத்தாவைக் கேட்டதும், "வைகை வறண்டப்ப வந்தோமாம்டா" என்று தலையைச் சொறிந்தான்.

* * *

கடைசி செமஸ்டர் வந்தது. டிப்ளமா சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று சரிபார்க்கச் சொல்லி அலுவலகத்தில் தாளைக் கொடுத்தார்கள். அதில் என் பெயருக்கு முன்னால் ‘வி’ மட்டும் இருந்தது. ‘எம்’ இல்லை! நான் பதறிப்போய்ப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தால், அதிலும் இல்லை. நான் படித்த பள்ளியில் பெயர்ப் பட்டியல் எழுதியவர் இரண்டு இனிஷியல் எதற்கு என்று ஒன்றை விட்டுவிட்டார் போலிருக்கிறது. ஆதாரில் இரண்டு, மதிப்பெண் பட்டியலில் ஒன்று. இத்தனை வருஷம் நானும் கவனிக்கவில்லை.

திருத்தலாம். விண்ணப்பம், பிரமாணப் பத்திரம், அலைச்சல் எல்லாம் உண்டு. ஆனால் கேம்பஸ் தேர்வில் கிடைத்த வேலைக்கு ஜூன் மாதம் சான்றிதழோடு போய் நிற்க வேண்டும். பெயர் மாறினால் தாமதமாகும் என்றார்கள். அப்பாவுக்குப் போன் செய்தேன். "வேலைதான் முக்கியம். விட்டுட்றா" என்றார். பேச்சு நின்றது. பிறகு அவரே, "ஒரு எழுத்துதான..." என்று இழுத்தார். அந்த இழுப்பில் அவருக்கும் வருத்தம் இருந்தது என்று எனக்குத் தெரியும்.

‘வி’ மட்டும் போதும் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். ஆறு மா நிலத்தை நம்பி ஒரு குடும்பம் எத்தனை நாள் ஓடும்?

அன்று மாலை ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். சர்வே செய்முறை வகுப்பில் ஃபீல்டு புக் எழுதுவோம் அல்லவா? புறப்பட்ட புள்ளி, திரும்பிய இடம், இடையில் கண்ட அடையாளங்கள் எல்லாம் வரிசையாக. அதே மாதிரி, ஆஜி சொன்னது, பத்திரத்தில் இருந்தது, புத்தகத்தில் படித்தது எல்லாவற்றையும் எழுதி வைத்தேன். கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டது என்றும், ஆதாரம் உள்ளதை ஆதாரத்தோடும். அண்ணனுக்கும் படம் பிடித்து அனுப்பினேன். இனி அந்த அயர்லாந்துக்காரர் கேட்டால் அவனும் அரை மணி நேரம் பேசலாம்!

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஓர் ஆஜி இருப்பார். அப்பாயி என்பீர்கள், அம்மாயி என்பீர்கள், அப்பத்தா என்பீர்கள். இந்த விடுமுறையில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "நாம எங்கேருந்து வந்தோம்?" என்று கேளுங்கள். பெருமையடிக்க அல்ல, அடுத்தவனைப் பார்த்து, "நீ எங்கேருந்துடா வந்த?" என்று கேட்கும் முன்பு நம் வழி நமக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக.

சான்றிதழில் இல்லாத எழுத்தை நம் பேரவை மலரில் போட்டுக்கொள்ள யார் அனுமதியும் தேவையில்லை. அதனால் முதல் நாள் வகுப்பில் கேட்ட கேள்விக்கு, மூன்று வருஷம் கழித்து முழுப் பதிலை இங்கே எழுதுகிறேன், சார்: எம் என்றால் மோரே. மோரே என்றால் மயில். ஊர், தஞ்சாவூர்.

— எம்.வி., மோரே வீட்டுப் பையன்,
மூன்றாம் ஆண்டு, சிவில்